டச்பே கடற்கரையை எந்த உலகத்தில் கட்டுவது?

எங்கள் சனசமூக நிலையத்தில் இரண்டு மாதமாக ஒரே கதைதான். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரையான பிள்ளைகள் இருபது பேரைச் சேர்க்க வேண்டும். திருகோணமலையில் உள்ள டச்பே கடற்கரையை அவர்கள் விரும்பும் விதமாக ஓர் இணைய உலகத்துக்குள் திருத்திக் கட்ட விட வேண்டும். எதைக் கட்டுவது, எதை எடுப்பது என்று அவர்களே விவாதித்து வாக்குப் போட வேண்டும். கடைசியில் வருவதை உள்ளூராட்சி மன்றத்திடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த உலகம் என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

பிள்ளைகள் ரோப்ளொக்ஸ் என்றார்கள். ரியூஷன் கொடுக்கும் தம்பி ஒருவர் மைன்கிராஃப்ட் என்றார். கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த ஓர் அண்ணர் செக்கண்ட் லைஃப் என்று ஒன்றைச் சொன்னார், ஒரு காலத்தில் அதற்குள் தூதரகமெல்லாம் இருந்ததாம். நிலையத்தின் பழைய தலைவர் ஐயா, "கதிரையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்துக்குக் கீழ வாங்கோ, அங்க இருந்து கதைப்பம்" என்றார். ஊரில் பலருடைய கணினிக்கு வைரஸ் எடுத்துக் கொடுப்பவன் என்பதால், எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. அன்று கூட்டத்துக்கு எழுதிய இரண்டு பக்கத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துத் தருகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு நிலையங்களுக்கும் மாணவர் மன்றங்களுக்கும் உதவக்கூடும்.

படம் எவ்வளவு வடிவு, போன் தாங்குமா, காசு எவ்வளவு என்பதையெல்லாம் பிள்ளைகளே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் முதலில் பார்த்தது வேறு. அந்த உலகத்தில் அரசாங்கம் யார்? ஒருவரை வெளியே தள்ளும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? தள்ளியது பிழை என்றால் யாரிடம் போய் முறையிடுவது? நாளைக்குக் கடையைப் பூட்டினால், கட்டியதை அள்ளிக்கொண்டு போக முடியுமா? உள்ளூராட்சியைப் பழகப்போகிற பிள்ளைகளை இதற்கெல்லாம் பதில் இல்லாத இடத்தில் குடியேற்றினால் பாடம் முதல் நாளே கோணிவிடும்.

இந்தக் கேள்வி முப்பது வருடப் பழையது. 1990 இல் அமெரிக்காவின் செரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் என்பவர் லாம்டாமூ என்றோர் உலகத்தைத் தொடங்கினார். படமே கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். அதை நிர்வகித்தவர்களை மந்திரவாதிகள் என்று அழைத்தார்கள். இனிமேல் மந்திரவாதிகள் தொழில்நுட்ப வேலையை மட்டும் பார்ப்பார்கள், குடிகளின் சண்டையைக் குடிகளே தீர்த்துக்கொள்ளட்டும் என்று 1992 இல் அவர் அறிவித்தார். அடுத்த வருடமே ஒரு பாத்திரம் மற்றப் பாத்திரங்கள்மீது, பலர் பார்த்திருக்க, எழுத்தாலேயே பாலியல் வன்முறை செய்தது. குடிகள் கூடி மணிக்கணக்காக வாதாடினார்கள். தண்டிக்கச் சட்டமும் இல்லை, விசாரிக்க மன்றமும் இல்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தன்பாட்டில் அந்தக் கணக்கை அழித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் குடிகள் மனுப் போடவும், போதிய கையெழுத்துச் சேர்ந்தால் வாக்கெடுப்பு நடத்தவும், வந்த முடிவை மந்திரவாதிகள் நிறைவேற்றவும் ஒரு முறை வந்தது. 1996 இல் அதுவும் சரிவரவில்லை என்று சொல்லி மந்திரவாதிகள் பழையபடி தலையிடத் தொடங்கினார்கள்.

கூட்டத்தில் இதை வாசித்தபோது தலைவர் ஐயா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். நாற்பது வருடம் சங்கங்களில் இருந்த மனிதர்.

செக்கண்ட் லைஃப்

லிண்டன் லாப் நிறுவனம் 2003 இல் திறந்த உலகம். 2006, 2007 இல் அரசியல் முழுவதும் அங்கே குடிபெயர்ந்துவிடும்போல இருந்தது. அமெரிக்காவில் வெர்ஜினியா மாநில ஆளுநராக இருந்த மார்க் வோர்னர் 2006 ஓகஸ்டில் உள்ளே வந்து பேட்டி கொடுத்தார். 2007 மே மாதம் மாலைதீவு அங்கே தூதரகம் திறந்தது. உலகிலேயே முதலாவது அதுதான். அதே மாதக் கடைசியில் சுவீடனின் வெளிநாட்டமைச்சர் கார்ல் பில்ட் தன் நாட்டு இல்லத்தைத் திறந்துவைத்தார். பிரான்ஸின் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணி அங்கே அலுவலகம் போட, எதிர்ப்பாளர்கள் திரண்டு வந்து மறியல் செய்தார்கள். வெடிக்கிற பன்றிகளை எறிந்து சண்டை நடந்தது. சிரிப்பாக இருந்தாலும் உண்மை. 2007 செப்டெம்பரில் இத்தாலியில் ஐபிஎம் தொழிலாளர்கள் அந்த நிறுவனத்தின் மெய்நிகர் இடங்களுக்குள் புகுந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். வேறு நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து கூட நின்றார்கள். இந்தக் கதைகளில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். வீதி மறியலுக்கு பஸ் பிடிக்கத் தேவையில்லாத ஒரே மறியல்.

ஆனால் அங்கே அரசாங்கம் யார் என்று பார்த்தால் கதை மாறுகிறது. மார்க் பிராக் என்ற அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவர் அங்கே காணி வாங்கி விற்றார். ஒரு காணியை முறைதவறி ஏலத்தில் எடுத்தார் என்று சொல்லி நிறுவனம் 2006 இல் அவருடைய கணக்கை முடக்கியது. அவருடைய மற்றக் காணிகளும் அதோடு போயின. அவர் பென்சில்வேனியாவில் வழக்குப் போட்டார். பிணக்கை நீதிமன்றத்துக்கு வெளியே நடுத்தீர்ப்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று நிறுவனத்தின் உடன்படிக்கையில் இருந்த நிபந்தனை நியாயமற்றது என்று 2007 மே மாதத்தில் நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. பிறகு இரண்டு தரப்பும் சமரசமாகிவிட்டன. நாங்கள் யாரும் வாசிக்காமல் 'சம்மதம்' அமத்துகிற அந்த நீளக் கடதாசிதான் அங்கே அரசியலமைப்பு. அதை எழுதியவரும் அமுல்படுத்துபவரும் ஒரே ஆள்.

அதே 2007 இல் அந்த உலகத்துக்குள் கிங்கோ என்றொரு வங்கி, கண்மண் தெரியாத வட்டி தருவதாகச் சொல்லி வைப்பு வாங்கி, ஓகஸ்டில் விழுந்தது. போட்ட காசை எடுக்கச் சனம் வரிசையில் நின்றது. நிதிக் கம்பனி விழுந்த கதைகள் நமக்கும் புதிதில்லை. நமக்கு மத்திய வங்கியைப் பிடித்துப் பேசவாவது ஓர் இடம் இருந்தது. அங்கே லிண்டன் லாப் 2008 ஜனவரியில், முறையான அனுமதிப்பத்திரம் இல்லாத வங்கிகளுக்கெல்லாம் தடை போட்டது. கேட்க ஒரு நாடாளுமன்றம் இல்லை, அறிவித்தல் ஒன்று மட்டும்.

எங்களுக்கு இது சரிவராது. சிறுவர்களுக்கு அங்கே நிறையக் கட்டுப்பாடு, எங்களிடம் இருக்கும் பழைய லப்டொப்புகள் அதைத் தூக்காது. சொந்தமாக ஒரு முழுத் துண்டு நிலம் வைத்திருக்க மாதம் சுமார் 200 டொலர் வேண்டும். கனடா அண்ணர், "நான் சும்மா ஒரு ஞாபகத்தில சொன்னனான்" என்றார்.

அரசாங்கங்களே கட்டிய உலகங்களையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒருவர், "இதை மாகாண சபையிடமே கட்டித் தரச் சொல்லலாமே" என்று கேட்டார். சியோல் மாநகரம் 2023 ஜனவரியில் மெட்டாவேர்ஸ் என்ற பெயரில் தன் மெய்நிகர் உலகத்தைத் திறந்தது. வரி ஆலோசனை, முறைப்பாடு எல்லாம் அதற்குள் செய்யலாம் என்றார்கள். ஆட்கள் வராததால் அடுத்த வருடமே மூடியாயிற்று. ஐரோப்பிய ஆணைக்குழு 2022 இல் 387,000 யூரோ செலவழித்து ஒரு மெய்நிகர் உலகம் கட்டி, இளைஞரைக் கவரக் கொண்டாட்டம் வைத்தது. உள்ளே போய்ப் பார்த்த செய்தியாளர், தன்னோடு ஆறு பேரளவில்தான் இருந்ததாக எழுதினார். இந்த வரிசையில் என் மனதைத் தொட்டது துவாலு மட்டும்தான். கடல் ஏறினால் நிலமே இராது என்ற நிலையில் உள்ள நாடு அது. அதன் அமைச்சர் சைமன் கோஃபே 2021 இல் முழங்காலளவு கடல்நீரில் நின்று காலநிலை மாநாட்டுக்குப் பேசினார். அடுத்த வருடம், நாட்டையே இலக்க முறையில் படியெடுத்து வைக்கப்போவதாக அறிவித்தார், சின்னத் தீவொன்றிலிருந்து தொடக்கம். 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ட நாங்கள் அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டோம். சரி, எங்கள் தேவை அதுவல்ல. கட்டித் தரும் உலகத்துக்குள் பிள்ளைகள் போக மாட்டார்கள், தாங்கள் கட்டினால்தான் போவார்கள்.

ரோப்ளொக்ஸ்

பிள்ளைகளின் தெரிவு. ஆட்கள் தாங்களே விளையாட்டு உலகங்களைக் கட்டி மற்றவர்களை உள்ளே விடும் தளம். வலுவான காரணங்கள் இருக்கின்றன. இலவசம். போனிலேயே ஓடும். இருபது பேரில் பதினாறு பேருக்குக் கணக்கு ஏற்கெனவே இருந்தது. அரசியல்வாதிகள்கூடப் பிள்ளைகள் கூடுகிற இடத்தைத் தேடித்தான் போகிறார்கள். 2020 அமெரிக்கத் தேர்தலில் பைடன் தரப்பு அனிமல் கிராசிங் என்ற விளையாட்டில் தேர்தல் பலகைகள் விட்டது, ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டில் ஒரு வரைபடமே கட்டியது. அதே அனிமல் கிராசிங்கை ஹொங்கொங் இளைஞர்கள் ஆர்ப்பாட்டக் களமாக்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த விளையாட்டு சீன இணையக் கடைகளில் விற்பனைக்கு இல்லாமல் போனது.

ரோப்ளொக்ஸின் விதிகள் அரசியலை வாசலிலேயே நிறுத்துகின்றன. நிஜத் தேர்தல், வேட்பாளர், பதவியில் இருக்கும் அரசியல்வாதி என்றால் உள்ளே எடுக்க முடியாது. கோடிக்கணக்கில் சிறுவர் புழங்கும் இடம், அந்த விதி இருப்பதில் நியாயமும் இருக்கிறது. ஒரு கடற்கரைக்குக் குப்பைத்தொட்டி எங்கே வைப்பது என்று வாக்கெடுப்பது அந்த விதிக்குள் மாட்டுமா? மாட்டாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை கோபத்தில் உள்ளூர் உறுப்பினர் ஒருவரின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டால் என்ன நடக்கும்? தீர்ப்பு சொல்பவர் எங்கோ இருக்கும் ஒரு மதிப்பீட்டாளர், அல்லது ஓர் இயந்திரம். தமிழில் எழுதியதை அவர் எப்படி விளங்கிக்கொள்வார் என்பது வேறு கதை.

இரண்டாவது, காசு. அங்கே ரோபக்ஸ் என்ற நாணயம் ஓடுகிறது. அதை நிஜக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஒரு பிள்ளையின் பாத்திரம் புதுத் தொப்பியோடு வந்தால் அடுத்த கிழமை நாலு தாய்மார் என்னிடம் வருவார்கள். மூன்றாவது, கட்டியதைக் கோப்பாக எடுத்து வைக்கலாம், ஆனால் ரோப்ளொக்ஸுக்கு வெளியே அது ஓடாது. துருக்கி 2024 ஓகஸ்டில், சிறுவர் பாதுகாப்பைக் காட்டி, ஒரே நாளில் அதைத் தடை செய்தது. அங்கே பிள்ளைகள் கட்டி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கே கண்ணுக்கு எட்டாமல் போயிற்று.

ஃப்ரீ ஃபயரில் ஏதும் செய்யலாமா என்று ஒரு பெடியன் கேட்டான். அங்கே பிரதானம் சுடுவதுதான், எங்கள் தேவைக்குச் சரிவராது என்று சொன்னேன். இந்தியா 2020 செப்டெம்பரில் பப்ஜியையும் 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் தடை செய்தது அவனுக்குத் தெரிந்திருந்தது. எல்லையில் இந்திய, சீனப் படைகள் மோதியதற்கும் தன் போனில் இருக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவனே யோசித்து வைத்திருந்தான். அரை மணித்தியாலம் கதைத்தோம். அந்த அரை மணித்தியாலம்தான் இந்தத் திட்டத்தில் எனக்கு நம்பிக்கை வரக் காரணம்.

மைன்கிராஃப்ட்

சதுரக் கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் விளையாட்டு. மனதார விரும்பியது இதைத்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். எங்களுடைய யோசனைக்கு நேரடி முன்மாதிரி இங்கேதான் இருக்கிறது. ஐநாவின் வாழ்விடத் திட்டமும் மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனமும் 2012 இலிருந்து 'புளொக் பை புளொக்' என்ற பெயரில் பொது இடங்களைச் சனத்தைக் கொண்டே வடிவமைக்கின்றன. நைரோபியின் கிபேரா குடியிருப்பில் ஒரு விளையாட்டு மைதானம், நேபாளத்தின் கீர்த்திபூரில் ஒரு பழைய குளத்துச் சூழல் எல்லாம் இப்படித்தான் வந்தன. கட்டட வரைபடத்தை வாசிக்கத் தெரியாதவர்கூட கட்டிகளை அடுக்கி, "இந்த இடத்தில இருட்டு, ஒரு லைட் வேணும்" என்று காட்டிவிடலாம். நகர அபிவிருத்தித் திட்ட வரைபடம் கருத்துக் கேட்கச் சுவரில் தொங்கும்போது அதன் முன்னால் நின்று தலையைச் சொறிந்த எவருக்கும் இதன் அருமை தெரியும்.

அரசாங்கமே இறங்கிய கதையும் உண்டு. டென்மார்க்கின் நில அளவை நிறுவனம் 2014 இல் முழு நாட்டையும் ஒன்றுக்கு ஒன்று அளவில் மைன்கிராஃப்டில் கட்டித் திறந்துவிட்டது. டைனமைட் கட்டிகளைத் தடுத்து வைத்திருந்தார்கள். டைனமைட் ஏற்றிய தள்ளுவண்டிகளைத் தடுக்க மறந்துவிட்டார்கள். சில நாளில் ஆட்கள் புகுந்து நகரத்தின் பகுதிகளைத் தகர்த்து, அமெரிக்கக் கொடியை நட்டுவிட்டுப் போனார்கள். எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பு 2020 மார்ச்சில் இதே உலகத்துக்குள் பெரிய நூலகமொன்று கட்டி, தங்கள் நாடுகளில் தடைசெய்யப்பட்ட கட்டுரைகளை அங்கே வைத்தது. செய்தித்தளத்தை முடக்கும் அரசு விளையாட்டை முடக்கத் தயங்கும் என்ற கணக்கு.

பிறகு ஏன் தயங்கினேன்? முதலாவது விலை. கணினிப் பதிப்பு ஒன்றுக்குச் சுமார் 30 டொலர், நம் காசில் 9,000 ரூபாய்க்குக் குறையாது. ஆறு லப்டொப்புக்குக் கணக்குப் பாருங்கள். காசைக்கூட வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கத்திடம் கேட்டிருக்கலாம். இரண்டாவது விஷயம்தான் உறுத்தியது. 2014 இல் மைக்ரோசொஃப்ட் மொஜாங்கை 2.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. இப்போது மைக்ரோசொஃப்ட் கணக்கு இல்லாமல் உள்ளே போக முடியாது. 2022 ஜூலையில் ஒரு புதிய விதி வந்தது. ஒருவர் தட்டச்சிய உரையாடலை மற்றொருவர் முறைப்பாடு செய்யலாம். மைக்ரோசொஃப்டின் ஆட்கள் அதைப் பார்த்துத் தடை விதித்தால், அவர் தன் சொந்தக் காசில் நடத்தும் தனியார் சேர்வருக்குள்ளும் (உலகத்தை ஓட்டும் கணினி) நுழைய முடியாது. விளையாடுவோர் பெரிதாகக் கிளர்ந்தார்கள், நிறுவனம் மசியவில்லை. சேர்வர் எங்கள் நிலையத்து அலுமாரியில் இருக்கும், தீர்ப்பு வெளியிலிருந்து வரும். தங்கள் பிரேரணைகளுக்கு மேலிடத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்த உள்ளூர் உறுப்பினர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பிள்ளைகளுக்கு அதையே முதல் பாடமாக வைக்க எனக்கு மனமில்லை.

டிஸ்கோர்டும் வேப்பமரமும்

டிஸ்கோர்ட் உலகம் இல்லை, விளையாடுவோர் கூடிக் கதைக்கும் இடம். ஆனாலும் அதை விட்டுவிட முடியாது. நேபாளத்தில் 2025 செப்டெம்பரில் அரசு சமூக ஊடகங்களை முடக்கியதோடு இளைஞர் எழுச்சி வெடித்து ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த இடைக்காலப் பிரதமர் யார் என்ற விவாதமும் வாக்கெடுப்பும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்திருந்த ஒரு டிஸ்கோர்ட் குழுவில் நடந்தன. அங்கே முன்னுக்கு வந்த முன்னாள் பிரதம நீதியரசர் சுசீலா கார்க்கிதான் செப்டெம்பர் 12 அன்று பதவியேற்றார். வாக்களித்தவர் எல்லாரும் நேபாளத்தில் இருந்தவர்களா, ஒருவர் எத்தனை வாக்குப் போட்டார் என்றெல்லாம் கேட்டால் பதில் கஷ்டம். எங்களுக்கு அது கதைக்கும் இடமாக மட்டும்தான் பயன்படும். கதைப்பதற்கு வட்ஸ்அப் குழு ஏற்கெனவே போதும், சில நேரம் போதும்போதும் என்று ஆகிவிடுகிறது.

வேப்பமரத்தை யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். செலவில்லை, கரண்ட் வேண்டாம், ஆளை ஆள் தெரியும். குறை ஒன்றுதான். மரத்துக்குக் கீழே பெரியவர்கள்தான் கதைப்பார்கள். பெண்பிள்ளைகள் பின்வரிசையில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். திரையில் எல்லாருடைய பாத்திரமும் ஒரே உயரம்.

லுவான்டி

நான் பரிந்துரைத்தது இதை. 2010 இல் பின்லாந்துக்காரரான பெர்ட்டு அஹோலா தொடங்கியது. பல வருடம் மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்து 2024 ஒக்டோபரில் லுவான்டி என்று பெயர் மாறியது. மைன்கிராஃப்ட் மாதிரியே கட்டி அடுக்கும் உலகம், ஆனால் கட்டற்ற மென்பொருள், யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம். காசில்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, அன்ட்ரொயிட் போனிலும் பழைய லப்டொப்பிலும் ஓடுகிறது. பிரான்ஸில் பள்ளிக்கூடங்களுக்காகவே இதை ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் பழைய மேசைக்கணினி ஒன்றைச் சேர்வராக்கி, ஒரு ரவுட்டரைப் பக்கத்தில் வைத்தோம். இணையமே இல்லாமல், நிலையத்துச் சுவருக்குள் மட்டும் ஓடியது.

இணையம் வேண்டாம் என்பது இங்கே சின்ன விஷயமில்லை. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதை நாங்கள் பார்த்தோம். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 இலும், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இலும் வந்தன. இரண்டுக்கும் இலக்கம் 9 என்பதால் கூட்டத்தில் ஒருவர் குழம்பிப்போனார். ஒன்று சொன்னதற்காகப் பிடிக்கக்கூடியது, மற்றது பிறருடைய விவரத்தைச் சேர்த்து வைத்ததற்காகப் பிடிக்கக்கூடியது. சேர்வரை நாங்களே நடத்தினால் பிள்ளைகளின் விவரங்களுக்கு நாங்களே பொறுப்பு. அதனால் சேர்க்காமல் விடுவதே மேல் என்று முடிவெடுத்தோம், புனைபெயர் மட்டும். விளையாட்டுத்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் நினைக்க முடியாது. அமெரிக்க, பிரித்தானிய உளவு நிறுவனங்கள் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டுக்குள்ளும் செக்கண்ட் லைஃபுக்குள்ளும் ஆள் வைத்திருந்தது, ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் வழியே 2013 டிசம்பரில் வெளிவந்தது.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. லுவான்டியில் ஒவ்வொருவருக்கும் உரிமைகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம், பறிக்கலாம். அதில் ஒன்றின் பெயர் 'இன்டரெக்ட்', எதையும் தொட்டு மாற்றும் உரிமை. இன்னொன்று 'ஷௌட்', சத்தம் போடும் உரிமை, அதாவது எல்லாரும் பார்க்கும்படி எழுதுவது. முதல் நாள் ஒரு பெடியன் மற்றவள் கட்டிய சுவரை இடித்தபோது நான் அவனுடைய இரண்டு உரிமையையும் பறித்தேன். இடித்ததற்குத் தொடும் உரிமையைப் பறித்தது சரி, கதைக்கும் உரிமையை ஏன் பறித்தாய் என்று பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி என்னைக் கேட்டாள். பதில் இல்லை. திருப்பிக் கொடுத்தேன். ரோப்ளொக்ஸில் இந்தக் கேள்வியை அவள் யாரிடம் கேட்டிருப்பாள்?

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். பார்க்க மைன்கிராஃப்ட் அளவுக்கு வடிவில்லை, பிள்ளைகள் முதல் நாளே "டூப்ளிகேட்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஐபோனுக்கு அதிகாரபூர்வப் பதிப்பு இல்லை. போனுக்குள் இருக்கும் செயலிக் கடையில் இதே சாயலில் விளம்பரம் நிரம்பிய நகல்கள் கிடக்கின்றன, கட்டற்ற செயலிகளுக்கான எஃப்-டிரொயிட்டிலிருந்தோ அதன் சொந்தத் தளத்திலிருந்தோ இறக்குங்கள். பலகைகளில் தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறதா என்று எல்லாரும் வருவதற்கு முதலே சோதியுங்கள். எங்களுக்குக் கொம்பு ஓரிடம் எழுத்து ஓரிடமாக வந்து, கடைசியில் படமாகச் செய்து ஒட்டினோம். ஆகப் பெரிய குறை, சேர்வர் வைத்திருப்பவன் அங்கே சர்வாதிகாரி. அதாவது நான்.

அதற்கு வழி தேடியபோதுதான் ஈவ் ஒன்லைன் கதை கிடைத்தது. விண்வெளி விளையாட்டு, ஐஸ்லாந்துக் கம்பனி. 2007 இல் அதன் ஊழியர் ஒருவரே தன் கூட்டாளிகளுக்குக் களவாக அனுகூலம் செய்தது வெளிப்பட்டு நம்பிக்கை உடைந்தது. 2008 இலிருந்து விளையாடுவோர் வாக்களித்து ஒரு மன்றத்தைத் தெரிவுசெய்கிறார்கள். அந்த மன்றத்தை ரெய்க்யவிக்குக்குக் கூப்பிட்டுக் கம்பனி கதைக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் கம்பனியிடமேதான், மன்றம் ஆலோசனைக்கு மட்டும். நாங்கள் ஒரு படி மேலே போனோம். பிள்ளைகள் தெரிந்த மூன்று பேர் கையெழுத்துப் போடாமல் நான் யாருடைய உரிமையையும் பறிக்க முடியாது. கடவுச்சொல் உறையில் மூடி நூலக அலுமாரியில் இருக்கிறது. சாவி தலைவர் ஐயாவிடம். நான் என்ன செய்தேன் என்று அவருக்கு விளங்காது, ஆனால் ஏன் அலுமாரியைத் திறக்கிறாய் என்று கட்டாயம் கேட்பார்.

நான்கு சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தாயிற்று. டச்பேயைக் கட்டினால் வடக்கே பிரெட்ரிக் கோட்டையும் கோணேசர் மலையும் தெரியத்தான் வேண்டும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் சுவரை மட்டும் கட்டி உள்ளே வெறுமையாக விட்டோம். வேண்டாத விருந்தாளிகளை ஏன் கூப்பிடுவான்? மலைக்கு உயரம் எவ்வளவு என்பதில் சண்டை, அளந்து முடித்தோம். கடற்கரை வாசலில் பெயர்ப்பலகை வைக்கும்போதுதான் உண்மையான சண்டை வந்தது. எந்த மொழி மேலே? இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு எவ்வளவு வயது என்று சொல்லத் தேவையில்லை, வீட்டில் கேட்டதையெல்லாம் பிள்ளைகள் அப்படியே ஒப்பித்தார்கள். பிறகு மூதூரிலிருந்து வரும் ஒரு பிள்ளை, மேலும் வேண்டாம் கீழும் வேண்டாம், ஒரு தூணில் பக்கத்துக்கு ஒன்றாக எழுதுவோம் என்றான். கட்டியால் செய்த தூணுக்கு நான்கு பக்கம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் போட்டபின் ஒரு பக்கம் மிஞ்சியது. அதில் மான் படம் வரைந்தார்கள். ஊருக்குள் திரிந்து பிளாஸ்டிக் தின்னும் மான்களுக்கு அவர்களுடைய திட்டத்தில் முதலிடம். மானின் வாய் உள்ளே போகாத குப்பைத்தொட்டிதான் முதல் தீர்மானம், ஒரு வாக்கும் எதிராக விழவில்லை. வாகனத் தரிப்பிடம் ஐந்துக்குப் பதினான்கு என்று தோற்றது, ஒரு பிள்ளை வாக்களிக்கவில்லை.

திட்டத்தைக் காட்ட ஓர் அதிகாரியைக் கூப்பிட்டோம். நல்ல மனிதர், வந்தார், திரையைப் பார்த்தார். உள்ளே நடந்து பார்க்கிறீர்களா சேர் என்று போனை நீட்டினோம். வேண்டாம் என்று கையை எடுத்துவிட்டு, இதை நான்கு தாளில் அச்சடித்து, ஒரு கோரிக்கைக் கடிதமும் வைத்துத் தபாலில் அனுப்புங்கள் என்றார். பிள்ளைகள் இப்போது கடிதம் எழுதுகிறார்கள், மூன்று மொழியில். எதை முதலாம் பக்கத்தில் வைப்பது என்று நேற்றுவரை முடிவாகவில்லை, ஏனென்றால் தாளுக்கு இரண்டு பக்கம்தான்.